பிரின்ஸ் பாடாத ஆல்பங்கள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அமெரிக்கப் பாப் பாடகர் பிரின்ஸ் என்றால் எனக்கு 'பர்ப்பிள் ரெய்ன்', 'கிஸ்' அளவுக்குத்தான் தெரியும். அவர் பாடாமல் வாத்தியம் மட்டும் வைத்துச் சில ஜாஸ் ஆல்பங்கள் போட்டிருக்கிறாராம். அது ஜாஸே இல்லை என்று ரசிகர்களிலேயே ஒரு கூட்டம் சொல்கிறது. அவர் செய்ததில் அதுதான் உசத்தி என்று இன்னொரு கூட்டம். கச்சேரியும் ராஜா பாட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் என்ன இருக்கிறது? எங்கே தொடங்குவது?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2003-ல் வந்த 'நியூஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள். 1987-ல் வந்த '8' அதற்கு அடுத்து. பழைய பிரின்ஸ் ரசிகர்கள் பலரும் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவார்கள். '8'-தான் சரக்குள்ளது, 'நியூஸ்' பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடவிடுகிற இசை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் '8' என் கைக்கு வந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது 1989 வாக்கில். அத்தான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். லீவில் வரும்போதெல்லாம் சிங்கப்பூரில் வாங்கிய கேசட்டுகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். அதில் ஒன்றின் அட்டையில் நாய்க்குட்டியோடு ஒரு பெண். குழுவின் பெயர் 'மேட்ஹவுஸ்', ஆல்பத்தின் பெயர் வெறும் '8'. உருப்படிகளுக்கும் பெயர் கிடையாது. ஒன், டூ, த்ரீ என்று எட்டு வரை எண்கள்தான். பாட்டே இல்லை. ஒரு சாக்ஸஃபோன், அதற்குக் கீழே தடித்த பாஸ், டிரம்ஸ், கீபோர்டு. சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில், யாரோ ஒரு அமெரிக்கக் குழு என்று நினைத்துக்கொண்டே அதைப் பல வருஷம் கேட்டேன்.

அப்போது எங்கள் காம்பவுண்டில் ஒரு அண்ணன் குடியிருந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிற பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். ஒரு நாள் மத்தியானம் இந்தக் கேசட்டில் 'சிக்ஸ்' ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாசிக்கிறவரு நல்லா வாசிக்கிறாருப்பா. ஆனா அடிக்கிறவரு இவரு முகத்தையே பாக்கலையே."

அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு இந்த ஆல்பம் உருவான விதத்தைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

மேட்ஹவுஸ் என்று ஒரு குழுவே கிடையாது. அது பிரின்ஸ். 1986 செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் தேதி வரை, நான்கே நாளில், மினியாபொலிஸ் பக்கத்தில் தன் வீட்டு ஸ்டூடியோவில் இதை முடித்திருக்கிறார். டிரம்ஸ், பாஸ், கீபோர்டு எல்லாம் அவரே. சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் மட்டும் எரிக் லீட்ஸ். பிரின்ஸ் தனியாக உட்கார்ந்து அடித்தளத்தை முதலில் பதிவுசெய்து வைத்துவிடுவார். லீட்ஸ் அப்புறம் வந்து அதன்மேல் வாசிப்பார். அட்டையில் பிரின்ஸ் பெயர் எங்கும் இல்லை. விளம்பரத்துக்குக் கற்பனையாக ஆட்களை உருவாக்கி, அவர்கள்தான் குழு என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. லீட்ஸ் ஊதும்போது அடித்தவர் அங்கே இல்லை. ஏற்கெனவே அடித்துவிட்டுப் போயிருந்தார்.

இனி ஜாஸா, இல்லையா என்ற சண்டைக்கு வருவோம். இல்லை என்பவர்கள் சொல்வதில் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை முடியாமல் இழுக்கிறது.

முதல் காரணம், இதில் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறுவதே இல்லை, ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது, தாளமோ ஆட்டம் போடுகிற ஃபங்க் தாளம் என்பது. இதை நம் பக்கத்து ஆள் யாரும் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் ஒரு சாயந்தரம் கச்சேரி கேட்டவருக்குத் தெரியும்: தம்பூரா ஒரே சுருதியில் நிற்க, ஒரு ராகம் முக்கால் மணி நேரம் ஓடும். நின்ற இடத்தில் நின்று என்ன செய்கிறார் என்பதில்தான் வித்துவானின் வித்தை இருக்கிறது. ஜாஸுக்கும் இது புதிதில்லை. டிரம்பெட் வாசித்த ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் 1959-ல் போட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இந்த வழியில் வந்ததுதான். அதன் முதல் உருப்படியான 'ஸோ வாட்' இரண்டே இரண்டு சுர அமைப்புகளுக்குள் முழுக்க நடக்கிறது. அதை ஜாஸ் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஆட்டத் தாளம் என்ற குறையும் அப்படித்தான். நம் பக்கத்தில் நையாண்டி மேளம் இருக்கிறது. அதே நாகஸ்வரம், அதே தவில், கூடப் பம்பை. கோயிலில் ராகம் வாசிக்கிற பெரிய மேளத்தைச் சங்கீதம் என்பார்கள். கரகாட்டத்துக்கு வாசிக்கிற நையாண்டி மேளத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வைகைக்கு இரண்டு பக்கமும் திருவிழாக்களில் நின்று கேட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது பெரிய தவறு. ஒரு நல்ல நையாண்டி மேளக்காரர் நாலு நிமிஷத்துக்குள் போடுகிற கணக்கும் குறும்பும் எந்த மேடைக்கும் குறைந்ததில்லை. ஆடுகிறவரின் காலுக்கு வாசிப்பதால் அவர் வித்தை குறைந்துவிடாது. '8'-ம் காலுக்கு வாசித்த இசைதான். ஃபங்க் இசையின் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் தன் ஆட்களிடம் முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக விழ வேண்டும் என்று ஓயாமல் சொல்வார். நம் பாஷையில் அது சமம். எரிக் லீட்ஸின் அண்ணன் ஆலன் லீட்ஸ், பிரின்ஸிடம் வருவதற்கு முன் ஜேம்ஸ் பிரவுனிடமே வேலை பார்த்தவர். 'சிக்ஸ்' ஓடும்போது தாளம் போட்டுப் பாருங்கள். சாக்ஸ் எங்கே சுற்றினாலும் சமத்தில் வந்து உட்காரும். அந்த ஒரு உருப்படி சிங்கிளாக வந்து, அமெரிக்காவின் பில்போர்டு ஆர் அண்ட் பி பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. பாட்டில்லாத, பெயர் தெரியாத குழுவின் இசைத்தட்டுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாவது காரணம் வேறு. அதில் நியாயம் இருக்கிறது. ஜாஸ் என்றால் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் அந்த நொடியில் பதில் சொல்வது. '8'-ல் அது இருக்க வழியே இல்லை. இதைத்தான் கிளாரினெட் அண்ணன் ஒரே வரியில் சொன்னார்.

இங்கேதான் என் கட்சி. பிரின்ஸின் இந்த ஆல்பங்களை ஜாஸா, இல்லையா என்று தராசில் போடுவதைவிட, அவர் பக்கவாத்தியக்காரராக எப்படி இருக்கிறார் என்று கேட்பது நிறையக் காட்டிக்கொடுக்கும். மற்ற எல்லா ஆல்பத்திலும் அவர்தான் நடுவில் உட்கார்ந்திருப்பார். குரல், கிட்டார், பெயர், படம் எல்லாம் அவர். இந்தக் கொஞ்ச ஆல்பங்களில் மட்டும் நகர்ந்து உட்கார்ந்து இன்னொருவருக்கு இடம் விடுகிறார். நல்ல மிருதங்கக்காரர் பாட்டுக்கு எங்கே கை வைக்கிறார் என்பதைவிட எங்கே கையை எடுக்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்வார்கள் பெரியவர்கள். '8'-ல் பிரின்ஸ் கையை எடுத்த இடங்கள் அழகானவை. கடைசி உருப்படி பத்து நிமிஷம் ஓடும். இவ்வளவு வாத்தியம் தெரிந்த மனுஷன் அவ்வளவு நேரம் லீட்ஸின் ஊதலுக்குக் கீழே அடங்கியிருக்கிறார். அந்த மாதங்களில்தான் தன் 'சைன் ஓ த டைம்ஸ்' ஆல்பத்துக்கான பாட்டுகளையும் பதிவுசெய்துகொண்டிருந்தார். அவரோடு வாசித்துவந்த ரெவல்யூஷன் குழு கலைந்ததும் அதே அக்டோபரில்தான். தலைக்கு மேல் அத்தனை இருக்கும்போது, பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஒரு சாக்ஸ்காரருக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அப்பா ஜான் எல். நெல்சன் மினியாபொலிஸில் ஜாஸ் பியானோ வாசித்தவர். மேடையில் அவருக்கு 'பிரின்ஸ் ரோஜர்ஸ்' என்று பெயர். 1958-ல் பிறந்த மகனுக்கு வைத்த பிரின்ஸ் ரோஜர்ஸ் நெல்சன் என்பது அந்த மேடைப் பெயர்தான். அம்மா மேட்டி ஷாவும் ஜாஸ் பாடியவர். பிரின்ஸுக்கு மைல்ஸ் டேவிஸோடும் பழக்கம் இருந்தது. அவருக்காக ஒரு உருப்படி செய்து அனுப்பிவிட்டு, பிறகு அது தேறவில்லை என்று பிரின்ஸே திரும்ப வாங்கிக்கொண்டார். 1987 டிசம்பர் 31 இரவு பிரின்ஸின் ஸ்டூடியோவான பெயிஸ்லி பார்க்கில் நடந்த நிகழ்ச்சியில் மைல்ஸ் மேடையேறி அவரோடு வாசித்தார். 1989-ல் வந்த சுயசரிதையில் மைல்ஸ் இவரை நம் காலத்தின் டியூக் எலிங்டனாக (ஜாஸின் பெரிய இசையமைப்பாளர்) வரக்கூடியவர் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும் தகுதி மைல்ஸுக்கு இருந்தது.

மேட்ஹவுஸ் பெயரில் இரண்டாவது ஆல்பமான '16' அதே 1987 நவம்பரில் வந்தது. உருப்படிகள் ஒன்பதிலிருந்து பதினாறு வரை. இதில் சில இடங்களில் டிரம்ஸ் வாசிக்கும் ஷீலா ஈ, பாஸ் வாசிக்கும் லீவை சீசர், கீபோர்டுக்கு மேட் ஃபிங்க் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். 'காட்ஃபாதர்' படங்களின் வசனத் துணுக்குகளையும் அங்கங்கே செருகியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை; வாத்தியம் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே யாரோ பேசுவது போல இருக்கிறது. மற்றபடி '8'-க்கு ஒரு படி கீழேதான். '24' என்று மூன்றாவது ஒன்றும் தயாரானது, வரவே இல்லை. அதன் சில பகுதிகள் 1991-ல் எரிக் லீட்ஸ் தன் பெயரில் போட்ட 'டைம்ஸ் ஸ்கொயர்ட்' ஆல்பத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி ராஜா பேரை எடுத்துவிட்டார். மதுரைப் பக்கம் இந்தப் பேச்சு எடுத்தால் உடனே ஒருவர் 'ஹவ் டு நேம் இட்' பற்றிக் கேட்பார். கேட்க வேண்டியதுதான். பண்ணைப்புரத்துக்காரர் அந்த ஆல்பத்தை வெளியிட்டது 1986. மேட்ஹவுஸ் பதிவான அதே வருஷம். இரண்டு பேரும் பாட்டுக்காகக் கொண்டாடப்பட்டவர்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு வாத்தியத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் ஒப்புமை அதோடு முடிகிறது. ராஜா அதைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலினும் சுற்றியுள்ள வயலின்களும் வாசிக்கிற ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதி வைக்கப்பட்டது. அதன் அழகே அந்தக் கட்டுமானம்தான். எழுதியவரின் கை ஓரிடத்தில்கூட நழுவாது. பிரின்ஸிடம் அதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அவரிடம் உட்கார்ந்த இடத்தில் பிறந்தது இருக்கும், அதற்குரிய தொய்வும் இருக்கும். ராஜாவைக் கேட்கிற காதோடு 'நியூஸ்' கேட்டுவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று எழுந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு. தனியாவர்த்தனம் கேட்கிற காதோடு கேளுங்கள் என்பேன் அவர்களிடம்.

பிரின்ஸுக்குத் திரும்புவோம். அவருடைய வாத்திய ஆல்பங்கள் 2003-ல் மூன்று வந்தன. 'எக்ஸ்பெக்டேஷன்' புத்தாண்டன்று, அவருடைய இணையச் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். வயலினுக்கு வனெஸ்ஸா மே, சாக்ஸுக்கு கேண்டி டல்ஃபர். வாசிப்பவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்; ஆனால் ஒரு உருப்படியும் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. இதை விட்டுவிடலாம். இரண்டு நாள் கழித்து 'சி-நோட்' வந்தது. கச்சேரிக்கு முன்னால் மைக்கும் ஸ்பீக்கரும் சரிபார்க்கும்போது வாசித்ததைப் பதிவுசெய்து வைத்தது. கோபன்ஹேகன், நகோயா, ஒசாகா, டோக்கியோ என்று ஊர்ப் பெயர்களே தலைப்பு. கடைசியாக 'எம்ப்டி ரூம்' என்று ஒரு பாட்டு. ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்தால் ஆல்பத்தின் பெயர் வரும். ஆள் இல்லாத அரங்கில் யாருக்காகவும் இல்லாமல் வாசிக்கிற இசை. கோயிலில் நடை சாத்தியபின் வித்துவான்கள் தங்களுக்காக வாசித்துக்கொள்வது போல ஒரு நிம்மதி அதில் இருக்கிறது.

அப்புறம் 'நியூஸ்'. நான்கே உருப்படிகள்: நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத். ஒவ்வொன்றும் பதினான்கு நிமிஷம். 2003 பிப்ரவரி 6, ஒரே நாள், பெயிஸ்லி பார்க். ஐந்து பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்: பிரின்ஸ், சாக்ஸுக்கு '8'-ல் ஊதிய அதே எரிக் லீட்ஸ், கீபோர்டுக்கு பிரேசில்காரர் ரெனாட்டோ நேட்டோ, பாஸுக்கு ரோண்டா ஸ்மித், டிரம்ஸுக்கு ஜான் பிளாக்வெல். கிராமிக்குப் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் ஜாஸ் பிரிவில் இல்லை, சிறந்த பாப் வாத்திய இசை ஆல்பம் என்ற பிரிவில். ஜாஸ் இல்லை என்பவர்கள் இதையும் ஒரு சாட்சியாக நீட்டுவார்கள். பரிசு கொடுப்பவர்கள் எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

'8'-ல் இல்லாதது இதில் இருக்கிறது. டிரம்ஸ்காரர் சாக்ஸைப் பார்க்கிறார். நேட்டோ ஒரு பிடியைப் போட்டுவிட்டு ஒதுங்கினால் லீட்ஸ் அதையே எடுத்து வேறு மாதிரி முடிக்கிறார். 'நார்த்' அவசரமே இல்லாமல் தொடங்கும். ஆலாபனையில் ராகத்தின் முகத்தை மெதுவாகக் காட்டுவது போல ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். 'ஈஸ்ட்'-ல் கீழை நாட்டு வாடை வீசும். என் கணக்கில் நான்கில் அது இளைத்தது; அந்த வாடையை நிஜமாகவே தெரிந்த காதுகளுக்கு அது மேலோட்டமாகப் படும். 'வெஸ்ட்'-தான் ஆல்பத்தின் உயிர். பாதி வரை மிகவும் நிதானம், பிறகு பிரின்ஸின் கிட்டார் சூடுபிடித்து எழும். அந்த இடத்தில் அவர் மற்ற நால்வரையும் ஓரங்கட்டியிருக்கலாம். எத்தனையோ மேடைகளில் செய்தவர்தான். இங்கே எழுந்து, சொல்லிவிட்டு, திரும்ப அவர்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

கிளாரினெட் அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, வில்லாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்தப் பதிலை எழுத உட்காரும் முன் போய் அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டி 'வெஸ்ட்' போட்டுக் கேட்கவிட்டேன். முன்பு கேட்டது எதையும் நான் நினைவுபடுத்தவில்லை. ஐந்தாறு நிமிஷம் கழித்துக் கையைத் தூக்கி, "இது அந்த ஆளுதானே ஊதுறது, நாய்க்குட்டி கேசட்டுல ஊதுன ஆளு?" என்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு லீட்ஸின் தொனியை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இப்ப எல்லாரும் ஒரே ரூம்ல இருக்காங்க" என்றார். பதிவு எப்படி நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதனால், தம்பி, இப்படிச் செய்யுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பாஸ் கேட்காவிட்டால் இந்த இசையில் பாதி போச்சு. முதலில் 'வெஸ்ட்', ராத்திரி, வேறு வேலை இல்லாமல். பிடித்திருந்தால் 'நார்த்', அப்புறம் 'சவுத்'. ஒரு வாரம் அதோடு இருங்கள். பிறகு '8'-க்குப் போய் 'சிக்ஸ்'-ஐயும் கடைசி உருப்படியையும் கேளுங்கள். 2003-ல் வந்த மூன்றும் 2018-லிருந்து இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. மேட்ஹவுஸ் இரண்டும் பழைய தட்டுகளாகத்தான் தேட வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல் பக்கம் வாருங்கள். அந்தக் கேசட் இன்னும் ஓடுகிறது. 'ஃபைவ்' தொடங்குகிற இடத்தில் மட்டும் டேப் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அது ஒரு நிமிஷத்துச் சொச்சம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.